மரந்தேய்க்கும் பொறியும் தூசும்

மரவேலை பயில்வார் தேய்ப்புப் பொறி வாங்கப் புகுங்கால் அதன் வேகத்தையே முதற்கண் வினவுகின்றனர். நாம் வினவ வேண்டுவது, அஃது எழுப்பும் தூசு எங்கே செல்கின்றது என்பதாம்.

பெல்ட் சாண்டர் மரத்தை விரைந்து தின்னும். கை சற்றே அயரின் பலகையிற் பள்ளம் விழும். கதவு, அகன்ற பலகை ஆகியவற்றிற்கே அது தகும். மேசை நாற்காலிகளுக்கோ, தட்டுச் சுழன்றுகொண்டே சிறு வட்டமாய் அதிரும் ராண்டம் ஆர்பிட்டல் சாண்டரே ஏற்றது. உப்புத்தாளை 80, 120, 180 என முறையே மாற்றுக. தாளின் துளைகள் தட்டின் துளைகளோடு பொருந்துதல் வேண்டும். இன்றேல் தூசு உறிஞ்சப்படாது.

பொறியோடு வரும் துணிப்பையை நாம் பெரிதும் நம்புதற்கில்லை. பருந்தூளை அது பிடிக்கும். நுண்ணிய தூளோ இழை வழியே வெளியேறி, கண்ணுக்குப் புலப்படாது நெடுநேரம் மிதந்து நுரையீரல் புகும். இங்கிலாந்தில் நாற்காலித் தொழிலுக்குப் பேர்பெற்ற ஹை விக்கம் பகுதித் தச்சரிடை மூக்கினுட் புற்றுநோய் மிகுந்திருத்தலை 1960-களில் மருத்துவர் கண்டனர். 1995-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மரத்தூளைப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் ஒன்றென வெளியிட்டது. ஆதலின் ஹெப்பா வடிகட்டி பூண்ட வாக்குவம் கிளீனரைப் பொறியோடு இணைத்து, என்95 முகமூடியும் அணிவோமாக. விலை மிகுதிதான், பொறியின் விலையிற் சிறிது குறைத்தேனும் இதனை வாங்குதல் தகும். வேலை முடிந்தபின் துடைப்பத்தாற் பெருக்குதல் படிந்த தூசை மீண்டும் எழுப்புதலேயாம். ஈரத்துணியால் ஒற்றியெடுத்தலே நன்று.