ஊழியமும் கூலியும்

அய்யா உண்டு.

திருவிதாங்கூர் மன்னராட்சியில் நம் முன்னோர் கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். அதிகாரி அழைத்தால், சொந்த வேலையைப் போட்டுவிட்டுச் சுமை தூக்கப் போக வேண்டும். தலையில் துணி கட்டவும் குடை பிடிக்கவும் உரிமை இல்லை. கொல்லம் 1008 மாசி 20-இல் வைகுண்டராக வந்த அய்யா, அந்த மக்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தார். முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாகத் தண்ணீர் கோரச் செய்தார்.

இன்று அந்த முன்னோரின் பிள்ளைகள் வீடு கட்டுகிறார்கள், ஆள் வைத்து வேலை வாங்குகிறார்கள். ஆகவே ஊழியம் ஒழிந்ததா என்று அரசாங்கத்தை மட்டும் கேட்டால் போதாது. நம் வீட்டு முற்றத்தையும் பார்க்க வேண்டும்.

தேங்காய் வெட்ட வந்தவரிடம், "அப்படியே அந்த விறகையும் பிளந்து போடும்" என்று சொல்லி, அதற்குக் கூலி கொடுக்காமல் அனுப்புவது ஊழியம். பேசிய கூலியை மாலையில் குறைப்பதும், "நாளைக்கு வாரும்" என்று பலமுறை நடக்க விடுவதும் ஊழியமே. அவருடைய வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கூலியால்தான்.

ஆகவே வேலை தொடங்குமுன் கூலியைத் தெளிவாகப் பேச வேண்டும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி கொடுக்க வேண்டும். வேலை முடிந்த அன்றே கணக்கைத் தீர்க்க வேண்டும். வேலையில் குறை இருந்தால், பிறர் முன் திட்டாமல் தனியே சொல்லித் திருத்திக்கொள்ளலாம்.

கொத்தனாரானாலும், மின்வேலை செய்பவரானாலும், தெரு கூட்டும் அம்மாவானாலும் வயதுக்கு ஏற்ற முறை சொல்லி அழைக்க வேண்டும். அவர்களுக்கென்று தனி டம்ளர் ஒதுக்கும் வீட்டார், பதியில் முத்திரிக்கிணற்றுப் பதம் வாங்கி என்ன பயன்? ஆஸ்பத்திரியில் காத்திருக்க நேர்ந்தால் செவிலியர்மீது சீறுவதும், டாக்டர் வந்ததும் கைகட்டி நிற்பதும் ஒழுக்கமாகாது. பெரியவருக்குப் பணிந்து எளியவரிடம் அதட்டுவது பயமே தவிர மரியாதை அல்ல.

தாழக் கிடப்பவரைக் காப்பதே தர்மம் என்பது அய்யாவழி. அந்தத் தர்மம் அன்னம் வழங்கும் நாளில் மட்டும் செய்வதல்ல. உழைத்தவர் கையில் முழுக் கூலியும் வைக்கும்போதும் நடக்கிறது.

பள்ளியறையில் கண்ணாடி முன் நின்று, தன் உருவில் அய்யாவைக் காண்கிறோம். வாசலில் வியர்வையோடு நிற்பவரிடமும் அதே அய்யாதான் இருக்கிறார்.

அய்யா உண்டு.