வெட்டுண்ட பூவரசும் மறுதளிர்ப்பும்

பூவரசு எமது கடற்கரை ஊர்களின் மரம். இலங்கைத்துறை முகத்துவாரம் முதல் குச்சவெளி ஈறாகத் திருகோணமலைக் கரையோரம் எங்கணும் அதனைக் காணலாம். உவர்நிலமும் உப்புக்காற்றும் அதற்குப் பகையல்ல. அதன் காய்கள் கடல்நீரில் மிதந்து சென்று, கரை சேர்ந்த இடத்தில் விதை முளைக்கும் இயல்பின. காலையில் மஞ்சளாய் மலரும் பூ, மாலையிற் செந்நிறம் எய்தி வாடும். சிறுவர்க்கு அதன் இலை ஊதுகுழல். கமக்காரர்க்கு அதன் குழை பசளை. வீட்டார்க்கு அதன் கதியால் வேலி.

இம்மரம் வெட்டுண்ணும் காலங்களும் உள. புதிய கட்டடம் எழும்போதும், வீதி அகலும்போதும், மின்கம்பி செல்லும்போதும் கோடரி விழுகின்றது. 1964ஆம் ஆண்டு மார்கழியிலும் 2000ஆம் ஆண்டு மார்கழியிலும் இப்பகுதியைத் தாக்கிய சூறாவளிகள் போன்றவை முறித்த மரங்களும் பின்னர் அறுக்கப்படுகின்றன. எஞ்சிய அடிக்கட்டையைக் கண்டதும் ‘பட்ட மரம்’ எனக் கொண்டு வேரோடு கிளறி எறிகின்றோம். அன்றேல் அதன்மேற் குப்பை குவித்துத் தீயிடுகின்றோம். பின்னர் விழா எடுத்துப் புதுக்கன்று நடுகின்றோம். அவ்வடிக்கட்டை உண்மையில் பட்டதுதானா என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு விடை காண எம் இலக்கணமே வழிகாட்டுகின்றது. தொல்காப்பிய மரபியல் தாவரங்களை இருபாற்படுத்தி, புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும் கூறும். காழ் என்பது வைரம். இப்பகுப்பின்படி பனையும் தென்னையும் கமுகும் புல்லினமே. அவை ஓங்கி வளரினும், தலையில் உள்ள குருத்து ஒன்றே அவற்றின் வளர்முனை. அது போயின் தண்டு நிற்பினும் உயிர் நில்லாது. மூங்கிலும் வாழையும் வெட்டியபின் பெருகுகின்றனவே எனின், அவை நிலத்தடிக் கிழங்கிலிருந்து புதுக்கன்று ஈனுகின்றனவேயன்றி, வெட்டுண்ட தண்டு மீளத் தழைப்பதில்லை என்க.

அகக்காழ் உடைய மரத்தின் நிலை வேறு. பூவரசின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மாறிழையம் என்னும் உயிர்ப்படை ஒன்று உண்டு. மரம் இளந்தண்டாய் இருந்த காலத்தே தோன்றிய அரும்புகள் பல, கிளையாகாமற் பட்டையின்கீழ் உறங்கிக் கிடக்கும். நுனிக்கொழுந்தில் உண்டாகும் ஒட்சின் என்னும் ஓமோன் அவற்றை எழவொட்டாது தடுக்கும். நுனி வெட்டுண்டதும் அத்தடை நீங்குகின்றது. வேரிலே சேமித்த மாப்பொருளை உணவாகக் கொண்டு, உறங்கிய அரும்பு கண்விழிக்கின்றது. தளிர், அரும்பு, குழை என்னுஞ் சொற்களை மரபியல் மரத்துக்கு உரியனவாக வைத்தெண்ணியமை இங்கு நினைக்கத்தக்கது.

எமது உழவர் இவ்வுண்மையைத் தொழிலில் அறிந்தோர். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பூவரசங் கிளைகளை மீண்டும் மீண்டும் வெட்டி, நிலத்திற் குழை தாழ்ப்பர். மரம் மீண்டும் மீண்டும் தழைக்கும். மலைநாட்டுத் தேயிலைச் செடிகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டப்பட்டே நெடுங்காலம் வாழ்கின்றன. ஆங்கு வெட்டுமுன் வேரின் துண்டிலே அயடீனை இட்டு நோக்கும் வழக்கமும் உண்டு. கருநீலம் தோன்றின் வேரில் மாப்பொருள் நிறைந்துள்ளது எனத் தெளிந்து வெட்டுவர். மறுதளிர்ப்பின் முதல் வேரிலே உள்ளது என்பதற்கு இஃது ஒன்றே போதிய சான்று.

இனிச் செய்முறையைக் கூறுவோம். வெட்டுதல் தவிர்க்கவொண்ணாததாயின் ஆவணி, புரட்டாசி மாதங்களே எமது மாவட்டத்துக்கு ஏற்றவை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் பெருமழை புதுத்தளிர்க்குத் துணையாகும். நிலத்திலிருந்து ஒரு முழ உயரம் விட்டு, கூரிய வாளால் அறுத்தல் நன்று. பட்டை கிழிதல் கூடாது. வெட்டுமுகம் சற்றே சரிந்திருப்பின் நீர் தேங்காது வழியும். அடியைச் சுற்றிச் சீமெந்து பூசுதலும், அதனருகே தீ மூட்டுதலும் அறவே விலக்கப்படல் வேண்டும்.

சில வாரங்களிற் பல தளிர்கள் ஒருங்கே எழும். முதற் பருவத்தில் அவை அனைத்தையும் வளரவிடுக. அவற்றின் இலைகளே வேருக்கு உணவு ஆக்குவன. அடுத்த மாரியில் அவற்றுள் நேராயும் வலிதாயும் நிலத்தை அண்மியும் உள்ள ஒன்றைத் தெரிந்து, ஏனையவற்றைக் களைக. வெட்டுமுகத்தின் விளிம்பில் எழுந்த தளிர் பிடிப்புக் குறைந்தது. பெருங்காற்றிற் பிளந்து விழும். தெரிந்த தளிரைக் கதியாலோடு சேர்த்துத் தும்புக் கயிற்றால் இறுகாமற் கட்டுக.

இவையனைத்தினும் அரியது காவல். இளந்தளிரை ஆடு மாடுகள் விட்டுவைப்பதில்லை. பிரெட்றிக் கோட்டையிலும் நகரத்திலும் உலவும் புள்ளிமான்களும் அதனை நாடி வரும். முட்கம்பியாலேனும் பனைமட்டையாலேனும் ஆளுயர வேலி அமைத்தல் வேண்டும். தளிர்கள் திரும்பத் திரும்பக் கடியுண்டால் வேரின் சேமிப்பு வற்றும்; அப்பொழுதுதான் மரம் உண்மையிற் படுகின்றது.

எல்லா அடிக்கட்டையும் தளிர்க்கும் என்று நாம் கூறவில்லை. உட்பொந்து விழுந்ததும் காளான் பற்றியதும் தளிர்த்தல் அரிது. ஒட்டு மாமரத்தில் ஒட்டின் கீழே எழும் தளிர், ஒட்டிய இனத்தின் கனியைத் தராது. ஐயம் உளதாயின் பட்டையை நகத்தாற் கீறி நோக்குக. உள்ளே பசுமையும் ஈரமும் காணின் மரம் உயிரோடுளது. ஒரு மாரியும் ஒரு கோடையும் பொறுத்தும் தளிராவிடின் அகற்றலாம்.

புதுக்கன்று நடுதல் வேண்டா என்பதும் எம் கருத்தன்று. எனினும் கன்றின் வேர் ஒரு சாண் ஆழம் செல்லுமுன், அடிக்கட்டையின் வேர் பல்லாண்டாக மண்ணைப் பற்றி நிற்கின்றது. அதிலிருந்து எழும் கிளை விதைக்கன்றினும் விரைந்து வளர்ந்து பூக்கும். மணற்பாங்கான கரையோர நிலத்திலே அவ்வேரைக் கிளறி எறிதல் மண்ணின் பிடியையும் உடன் எறிதலாகும்.

விழாக் காலத்திலே கன்றோடு கல்லூரி வளவுக்கு வரும் பழைய மாணவராகிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: குழி தோண்டுமுன் வளவைச் சுற்றி நோக்குக. அடிக்கட்டை ஒன்று காணின் அதற்கு வேலி இடுக. அதன் காவலை ஒரு வகுப்பு மாணவரிடம் ஒப்புவித்து, மூன்றாண்டு கணக்குக் கேட்க. கல்வெட்டில் பெயர் பொறிக்க அதில் இடம் இராது. ஆயினும் நீவிர் எந்த மரத்தின் நிழலில் இருந்து பாடம் கேட்டீரோ, அதே மரத்தின் நிழலிலே நும் பேரப்பிள்ளைகளும் இருந்து பாடம் கேட்பர்.