வெறிநாய்க்கடி: நாயிடமிருந்து மாட்டுக்கு, மாட்டிடமிருந்து எங்கே?

வெறிநாய்க்கடி நாய்க்கும் மனிதனுக்கும் மட்டும் வருகிற நோய் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பெயரே அப்படித்தானே இருக்கு! மலாயிலும் அதை 'பென்யாகிட் அஞ்சிங் கீலா' என்றுதான் சொல்றாங்க. ஆனால் ரேபீஸ் கிருமி பாலூட்டி இனம் எதையும் விட்டுவைக்காது. பூனை, மாடு, ஆடு, குதிரை, குரங்கு, நரி, கீரி, வௌவால் என எல்லாவற்றுக்கும் அது வரலாம்.

இது எப்படிப் பரவுகிறது? நோயுள்ள விலங்கின் எச்சிலில் கிருமி இருக்கும். அது கடித்ததும் கிருமி காயத்துக்குள் இறங்கி, நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். பெரும்பாலும் இதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். மூளையைப் பிடித்தபின் மறுபடியும் நரம்பு வழியாக எச்சில் சுரப்பிக்கு வரும். அதே நேரத்தில் அந்த விலங்கின் குணமும் மாறி, கண்டதையெல்லாம் கடிக்கத் தொடங்கும். எச்சிலில் கிருமி, வாயில் கடிக்கும் வெறி, இரண்டும் ஒன்றாகச் சேரும்போது நோய் அடுத்த உடலுக்குத் தாவுகிறது.

இப்போ ஒரு கேள்வி. வெறிநாய் ஒரு மாட்டைக் கடித்தால் மாடும் செத்துப்போகும். அந்த மாடு யாரைக் கடிக்கும்? பெரும்பாலும் யாரையும் இல்லை. கிருமி அங்கேயே முடிந்துபோகும். மனிதனிலும் அப்படித்தான்.

நான் மின்பொறியியல் மாணவன். எனக்கு இது மெயின் லைனும் கிளைக் கம்பியும் மாதிரி தெரிகிறது. கிளையில் எத்தனை விளக்கு எரிந்தாலும் கரண்டு வருவது மெயின் லைனில் இருந்துதான். ரேபீஸுக்கும் ஒவ்வொரு வட்டாரத்தில் ஒவ்வொரு மெயின் லைன் இருக்கு. வட அமெரிக்காவில் வௌவால், ரக்கூன், ஸ்கங்க். தென் அமெரிக்காவில் மாட்டு ரத்தம் குடிக்கும் வௌவால். கரீபியன் தீவுகள் சிலவற்றில் கீரி. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நரி. ஆசியாவில் நாய். உலகில் மனிதருக்கு வரும் ரேபீஸில் சுமார் 99 விழுக்காடு நாயால் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நரியின் கதையைக் கேளுங்க. 1978-இல் சுவிட்சர்லாந்தில் கோழித் தலைக்குள் தடுப்பு மருந்தை வைத்து நரிகள் நடமாடும் இடங்களில் போட்டாங்க. நரி தின்றது, அதற்கு எதிர்ப்புச் சக்தி வந்தது. இந்த முறை பல நாடுகளுக்குப் பரவி, மேற்கு ஐரோப்பாவில் நரி ரேபீஸ் ஒழிந்தது. மாட்டுக்கும் மனிதனுக்கும் தனித்தனியாக ஓடவில்லை; மெயின் லைனை அறுத்தாங்க.

நம் நாட்டுக்கு வருவோம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் நாய்களிடம் ரேபீஸ் தலைகாட்டியது. 2017 ஜூலையில் சரவாக்கின் செரியான் வட்டாரத்தில் நோய்ப்பரவல் அறிவிக்கப்பட்டது. குழந்தைகள் இறந்தாங்க. அதற்குப் பிறகும் அங்கே உயிரிழப்புகள் தொடர்ந்தன. ஜொகூரில் இருக்கும் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பாலித் தீவைச் சுற்றிலும் கடல்தான். ஆனாலும் 2008-இல் அங்கே ரேபீஸ் நுழைந்தது. கிருமிக்கு நீந்தத் தெரியாது; மனிதன் கொண்டுபோகும் நாய் போதும்.

உடனே "தெருநாய் எல்லாத்தையும் சுட்டுடலாமே" என்பார்கள் சிலர். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஒரு வெறிநாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்குத்தான் நோயைக் கொடுக்கிறது. இரண்டு என்றே வைத்துக்கொள்வோம். பத்தில் ஏழு நாய்க்கு ஊசி போட்டிருந்தால் அந்த இரண்டு 0.6 ஆகிவிடும். ஒன்றுக்குக் கீழே போனால் சங்கிலி தானாக அறுந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 70 விழுக்காடு என்று சொல்வது இதனால்தான். கண்ணை மூடிக்கொண்டு கொன்றால் ஊசி போட்ட நாயும் சேர்ந்து சாகும். காலியான இடத்துக்கு ஊசி போடாத புது நாய் வரும். பைரவர் வாகனம் என்று சோறு வைக்கிறோம், நல்லதுதான். அந்த நாய்க்கு ஊசியும் போட வைத்தால் புண்ணியம் முழுமையாகும்.

நோய் அறிகுறி வந்தபின் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் கடித்தவுடன் செயல்பட்டால் தடுக்கலாம். நாயோ பூனையோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த் தூள், காப்பித் தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் சொல்லும் ஊசிகளை ஒன்றுவிடாமல் முடியுங்கள். "சின்னக் கீறல்தானே" என்று காத்திருக்காதீர்கள்.

பிள்ளைகள் திட்டு விழும் என்று பயந்து கடியை மறைப்பார்கள். உங்கள் தம்பி தங்கைகளிடமும், சமய வகுப்புக்கு வரும் சின்னப் பிள்ளைகளிடமும் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்: "நாய் கடிச்சா யாரும் ஏச மாட்டோம், உடனே வந்து சொல்லணும்." தாமானில் தெருநாய்க்குச் சோறு வைக்கும் அக்காவோ அங்கிளோ இருந்தால், ஊசி போட்டாச்சா என்று கேளுங்கள். போடவில்லை என்றால் நாலு பேராகக் காசு சேர்த்துக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.