கிளையை வெட்டினால் நீர் வடிந்தே மரம் பட்டுப்போகுமா?

நம்பிக்கை: இலை துளிர்க்கும் முன் பிர்ச் மரத்தைக் கவாத்து செய்தால், சாறெல்லாம் வடிந்து மரம் பட்டுப்போகும்.

பின்லாந்திலும் பால்டிக் நாடுகளிலும் வசந்தத் தொடக்கத்தில் வெட்டுவாயிலிருந்து நாள்கணக்கில் நீர் சொட்டும். பார்ப்பவர் பதறுவது இயல்புதான். இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸும் பதறினார். பருவம் தப்பி வெட்டிய திராட்சைக் கொடி செத்துவிடுமோ என்று அஞ்சி, வெட்டுவாயில் விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலை இறுக்கிக் கட்டினார். உள்ளிருந்து தள்ளிய நீரில் தோல் உப்பியது. அந்த விசையை அளக்கப் புகுந்தவர், 1727இல் வெளியிட்ட நூலில் வேர் அழுத்தத்தை விளக்கினார்.

பிர்ச்சிலும் நடப்பது அதுவே. வேர்கள் மண்ணின் நீரை உறிஞ்சி மேலே தள்ளுகின்றன. வடிவதில் ஏறத்தாழ 99 சதவீதம் தண்ணீர். சர்க்கரை ஒரு சதவீத அளவுதான். நம் பதநீரில் அது பத்து சதவீதத்துக்கும் மேல். இலைகள் விரிந்து நீராவிப்போக்கு தொடங்கியதும் அழுத்தம் குறைந்து, சொட்டுவது தானாகவே நின்றுவிடும்.

நம்பிக்கை: தாரோ பெயின்ட்டோ பூசினால் மரம் பிழைக்கும்.

அடியிலிருந்து தள்ளும் நீரைப் பூச்சு தடுக்காது, அழுகலையும் தடுக்காது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: நம் தோலைப்போல மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, சுற்றிலும் தடுப்பு எழுப்பி அழுகலை அடைத்துவைக்கிறது. பிர்ச்சுக்கு அந்தத் திறன் குறைவு. ஆகவே அஞ்ச வேண்டியது பெரிய வெட்டுகளுக்கு. சொட்டுவதைப் பார்க்கச் சகிக்காதவர்கள் ஜூலை, ஆகஸ்டில் கவாத்து செய்யலாம்.

நம்பிக்கை: பிர்ச் சாறு சகல நோய்க்கும் மருந்து.

ரஷ்யாவிலும் பெலாரஸிலும் அதை விரும்பிக் குடிக்கிறார்கள். உலர்திராட்சை சேர்த்துப் புளிக்கவைப்பதும் உண்டு. ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 100 லிட்டர் சாற்றைக் காய்ச்ச வேண்டும். இனிய பானம், சிறிது தாது உப்புகள், அவ்வளவே. நோயாளிகளிடம் இதை மருந்தென்று விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது. ‘பிர்ச் சர்க்கரை’ எனப்படும் சைலிட்டாலும் சாற்றிலிருந்து வருவதன்று. மரக்கட்டையின் நாரிலிருந்து எடுக்கப்பட்டது, இன்று மக்காச்சோளத் தக்கையிலிருந்தும் எடுக்கிறார்கள்.

நம்பிக்கை: சாறு இறக்கத் துளையிடுவதால் மரத்துக்குக் கேடில்லை.

இழந்த நீரை மரம் ஈடுசெய்துகொள்ளும். துளையைச் சுற்றிய கட்டையோ நிறம் மாறி, சில மரங்களில் அழுகவும் செய்யும். ஒல்லி மரங்களை விட்டுவிட்டு, பருத்த மரத்தில் ஒரே ஒரு சிறு துளை போடுவதே முறை.