செய்தியை நம்பிப் பங்கு வாங்கலாமா?

பங்கு வாங்குவது கூடுமா எனத் திருச்சி சகோதரர்கள் கேட்கின்றனர். தொழில் ஹலாலாகவும் வட்டி கலவாமலும் இருப்பின், அது ஷிர்கத் என்னும் கூட்டு வியாபாரமே, கூடும்.

ஆனால் தொழிலைப் பாராமல், "பெரிய கம்பெனியோடு கூட்டு" என்ற செய்தியை மட்டும் நம்பி வாங்குவது வேறு. 2000-இல் ஹிமாச்சல் ஃபியூச்சரிஸ்டிக் என்ற தொலைத்தொடர்பு கம்பெனி, ஆஸ்திரேலியச் செல்வர் கெர்ரி பேக்கரோடு கூட்டுச் சேர்ந்தது. பங்கு விலை வானளாவியது. 2001 மார்ச்சில் சந்தை சரிந்தது. தரகர் கேத்தன் பரேக் கைதானார். டெலிபோன், இன்டர்நெட் என்றாலே மக்கள் பணம் போட்ட காலம் அது. இன்டர்நெட் வழித் தொலைபேசிக்கு நம் நாட்டில் அனுமதி கிடைத்ததோ 2002 ஏப்ரல் 1-இல்தான்!

கனி முதிர்வது தெரியுமுன் விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஸ்ரீரங்கத்துத் தோப்பில் குலை தள்ளாத வாழைக்கு விலை பேசினால், காற்றடித்ததும் வாங்கியவர் பணம் போய்விடும். வெறும் செய்திக்குப் பணம் கொடுப்பதிலும் அந்த நிச்சயமின்மையே உள்ளது. ஒருவரின் நஷ்டமே மற்றவரின் லாபமாகும்போது அது சூதை நெருங்கிவிடுகிறது.

ஆகவே, கம்பெனி செய்யும் தொழில் என்ன, சென்ற ஆண்டுகளின் லாபம் என்ன, வட்டிக் கடன் எவ்வளவு என்று விசாரியுங்கள். மகளின் திருமணப் பணத்தையும் ஹஜ்ஜுக்கான சேமிப்பையும் இதில் இறக்காதீர்கள்.

அல்லாஹ் நம் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.