போன் காலுக்கும் இறக்குக் கூலி உண்டு

விருதுநகர் பருப்பு மொத்த வியாபாரியிடம் ஒரு கம்பெனியின் சிம் இருக்கிறது. சரக்கு கேட்கும் மளிகைக் கடைக்காரரிடம் வேறு கம்பெனி சிம். தொழிலில் போட்டி போடும் இரண்டு கம்பெனிகள், ஒருவர் காலை மற்றவர் எப்படிக் கொண்டு சேர்க்கின்றன? அதற்குக் கூலி யார் கொடுப்பது? இதைத் தெரிந்து வைத்திருப்பது நமக்கு நல்லது.

இணைப்பு இல்லாத காலம்

அமெரிக்காவில் பெல் கம்பெனியின் முக்கிய காப்புரிமைகள் 1893, 1894ஆம் ஆண்டுகளில் முடிந்தன. ஊர்தோறும் புதிய தொலைபேசிக் கம்பெனிகள் முளைத்தன. பெல் கம்பெனியோ தன் போட்டியாளர்களுக்கு இணைப்புத் தர மறுத்தது. இதனால் பல ஊர்களில் வியாபாரிகள் இரண்டு கம்பெனி போன்களையும் கடையில் வைத்து, இரண்டுக்கும் வாடகை கட்டினார்கள். 1913 டிசம்பரில், அரசின் நெருக்குதலுக்குப் பிறகே, தன் நெடுந்தூர லைன்களை மற்றவர்களுக்குத் திறந்துவிட அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

கூலிக் கணக்கு

நம் லாரிச் சரக்கை அடுத்தவர் கிட்டங்கியில் இறக்கினால் இறக்குக் கூலி கொடுக்கிறோம் அல்லவா? போனிலும் அதே கதைதான். அழைப்பவரிடம் அவருடைய கம்பெனி காசு வாங்கும். அதில் ஒரு பங்கை, காலை வாங்கிச் சேர்க்கும் கம்பெனிக்குக் கொடுக்கும். இந்தியாவில் 2003 மே மாதம் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகுதான் செல்போனில் வரும் காலுக்கு நாம் காசு கொடுப்பது நின்றது.

இந்தக் கூலியைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிர்ணயித்தது. செல்போனிலிருந்து செல்போனுக்கு நிமிடத்துக்கு 2004ல் 30 பைசா, 2009ல் 20, 2015ல் 14, 2017 அக்டோபரில் 6 பைசா. 2021 ஜனவரி 1 முதல் உள்நாட்டு அழைப்புகளுக்கு இது அறவே இல்லை. இரு வியாபாரிகளுக்குள் வரவும் பற்றும் ஏறக்குறைய சமமானால் பேரேட்டை நேர் செய்துவிடுவது போலத்தான் இது.

வாசல் குறுகினால்

கூலியை விடப் பெரிய சிக்கல், இரண்டு நெட்வொர்க்குகளும் சந்திக்கும் இணைப்பு முனை. அங்கே போதிய வழி இல்லையென்றால் கால் போகாது. நெரிசலால் விழும் கால்கள் ஆயிரத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது என்பது டிராய் விதி. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபோது, பழைய கம்பெனிகளுக்குச் சென்ற கால்கள் பெருமளவில் விழுந்தன. போதிய முனைகள் தரவில்லை என்றது ஜியோ. இலவசக் கால்கள் வெள்ளமாக வந்தால் எப்படித் தாங்குவது என்றன மற்றவை. அந்த அக்டோபரில் ஏர்டெல், வோடபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்க டிராய் பரிந்துரைத்தது.

மணி அடிக்கும் நேரம்

2019ல் வேறொரு தகராறு. சில கம்பெனிகள் மணி அடிக்கும் நேரத்தை 20, 25 வினாடியாகக் குறைத்தன. எடுப்பதற்குள் கால் நின்றால் மறுமுனையில் இருப்பவர் திரும்ப அழைப்பார். கூலி கை மாறிவிடும் என்பது எழுந்த குற்றச்சாட்டு. சீனி நிறுத்துக் கொண்டிருப்பவர் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுப்பதற்குள் ஆர்டர் போயிருக்கும். செல்போனில் 30 வினாடி, தரைவழி போனில் 60 வினாடி மணி அடிக்க வேண்டும் என்று 2019 நவம்பரில் டிராய் உத்தரவிட்டது.

நாம் அறிய வேண்டியது

நிமிடத்துக்குச் சில பைசாதான் கணக்கு. ஆனால் அதற்கான சண்டையில் விழுந்தவை நம் ஆர்டர்கள். பெரியவர் மனம் வைத்தால்தான் சின்னவருக்கு வழி என்றிருந்தால், எந்தச் சந்தையிலும் புதியவர் பிழைக்க முடியாது. ஆகவே பொது விதியும் அதைக் காக்க ஒரு நடுவரும் தேவை. நம் பங்குக்குச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: கடைப் பலகையில் இரண்டு வெவ்வேறு கம்பெனி எண்களை எழுதி வையுங்கள். ஒரு வாசல் அடைபட்டாலும் வாடிக்கையாளர் மறு வாசலில் வருவார்.