பக்கத்து நாட்டுச் சண்டைக்குப் படை அனுப்பலாமா?

குற்றாலம்,
ஆடி மாதம்.

அன்பு மகள் செண்பகத்துக்கு,

பெரியப்பா எழுதுவது. கல்லூரிப் பட்டிமன்றத்தில் 'உள்நாட்டுப் போரில் வெளிநாடுகள் தலையிடலாமா' என்று தலைப்புக் கொடுத்திருப்பதாகவும், எந்த அணி என்று இன்னும் சீட்டுக் குலுக்கவில்லை, இரண்டு பக்கத்துக்கும் விஷயம் வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தை வாயால் பேசினால் நம் வீட்டில் கோபத்தில்தான் முடியும். உன் அப்பாவைக் கேட்டுப்பார். கடிதங்களுக்குப் பேர்போன ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கடிதம் எழுதச் சோம்பல்படுவதும் அழகில்லை.

உன்னோடு பேசுகிறவர்கள் எல்லாரும் இந்தியா இலங்கைக்குப் படை அனுப்பிய 1987-இல் தொடங்குவார்கள். நீ எண்ணூறு ஆண்டு பின்னால் போ. அன்றைக்குச் சண்டை நம் வீட்டில், தலையிட்டது இலங்கை.

1160-களின் பிற்பகுதி. மதுரைச் சிம்மாசனத்துக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதிக்கொண்டார்கள். குலசேகரன் திருநெல்வேலிச் சீமையிலும் கொங்கிலும் ஆள் திரட்டினான் என்கிறது இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம். மதுரைக்குள் முற்றுகையில் சிக்கிய பராக்கிரம பாண்டியன், பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவுக்கு ஆள் அனுப்பி உதவி கேட்டான். இலங்காபுரன் என்ற தளபதியின் கீழ் படை புறப்பட்டது. அது வந்து சேர்வதற்குள் மதுரை விழுந்துவிட்டது, அழைத்தவனும் கொல்லப்பட்டான். அழைத்தவனே இல்லை என்றால் வந்த படை திரும்பிப் போக வேண்டும் அல்லவா? போகவில்லை. இராமேசுவரத்தைப் பிடித்தது, கோட்டை கட்டியது, இறந்தவனின் மகன் வீரபாண்டியனைத் தேடிப் பிடித்து அரியணையில் உட்கார வைத்தது. இங்கே சிறைபிடித்துக் கொண்டுபோன தமிழர்களை வைத்து அனுராதபுரத்துப் பெரிய தாதுகோபத்தைச் செப்பனிட்டார்கள் என்று அதே சூளவம்சம் பெருமையாகவே எழுதிவைத்திருக்கிறது.

உடனே குலசேகரன் சோழனிடம் ஓடினான். இரண்டாம் இராசாதிராசன் காலம் அது. காஞ்சிபுரம் பக்கத்தில் ஆர்ப்பாக்கம் என்று ஓர் ஊர். அங்குள்ள கல்வெட்டைப் படித்தால் அன்றைய பீதி புரியும். ஈழப் படை வருகிறது, இராமேசுவரத்தில் செய்ததை இங்கும் செய்யும் என்று பயந்த எதிரிலிச்சோழ சம்புவராயன், உமாபதிதேவர் என்ற சிவாசாரியாரிடம் போய் நின்றான். அவர் இருபத்தெட்டு நாள் பூசை செய்தாராம். படை தோற்றது என்ற செய்தி வந்ததும் அந்த ஊரையே அவருக்குக் கொடுத்துவிட்டான். சோழர் தரப்பில் போரை நடத்திய பல்லவராயன் இலங்காபுரன் முதலானோரின் தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் தைத்துவைத்தான் என்கிறது பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு. சூளவம்சத்தைப் புரட்டினால் இலங்காபுரன் ஜெயித்துக்கொண்டே போகிறான்! இரண்டு தரப்புமே வென்ற போர். தோற்றது யார் என்பதை நீயே ஊகித்துக்கொள்.

கூத்து இதற்கு மேல்தான். சோழன் தயவில் மதுரையைப் பெற்ற குலசேகரன், கொஞ்ச காலத்தில் பராக்கிரமபாகுவோடு ரகசியமாகக் கைகோத்துவிட்டான். விஷயம் தெரிந்த சோழர்கள் அவனைத் தள்ளிவிட்டு, இதுவரை தாங்கள் எதிர்த்த அதே வீரபாண்டியனை மதுரையில் ஏற்றினார்கள். இலங்கை நிறுத்திய ஆள் சோழனுக்கு, சோழன் நிறுத்திய ஆள் இலங்கைக்கு. போதாக்குறைக்குச் சோழர்கள், பராக்கிரமபாகுவின் மருமகன் ஸ்ரீவல்லபனைப் பிடித்து, அவன் மூலம் இலங்கைக்குள்ளும் ஒரு படையை அனுப்பிப் பார்த்தார்கள். பாண்டிநாட்டுக் குடியானவனுக்கு யார் ராஜாவாக வேண்டும் என்று யாராவது கேட்டிருப்பார்களா? வந்தவர்கள் இருவருக்குமே மதுரையில் தேவைப்பட்டது, மற்றவனுக்குத் தலைவணங்காத ஓர் ஆள். அவ்வளவுதான்.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு சான்று உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்க்காட்டு நவாபு பட்டத்துக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதியபோது, ஒருவனுக்குப் பிரெஞ்சுக்காரன், மற்றவனுக்கு ஆங்கிலேயன். முகமது அலி ஜெயித்தான். 1755-இல் அவனுக்கு வரி வசூலித்துக் கொடுக்க வந்த கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவல் வாசலில் நின்றான், அங்கிருந்த பாளையக்காரர் பூலித்தேவர் அசையவில்லை. நவாபின் அண்ணன் மாபூஸ்கானே பின்னால் பூலித்தேவரோடு சேர்ந்துகொண்டார். ஆனால் முகமது அலிக்குச் செய்த உதவிக்கான செலவையெல்லாம் ஆங்கிலக் கம்பெனிக்காரன் கடனாக எழுதிக்கொண்டே வந்தான். 1801-இல் கர்நாடகம் முழுவதும் அவன் கைக்குப் போயிற்று.

இப்போது 1987-க்கு வா. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்தியா ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்தது. ஒரு கையால் கொழும்புக்கும் போராளிகளுக்கும் நடுவே சமரசம் பேசியது. மறு கையால் அதே போராளிகளுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது. நான் இந்தியாவைக் குறை சொல்லும் முதல் இடம் இதுதான். பஞ்சாயத்துக்கு உட்காரும் நாட்டாமை ஒரு தரப்புக்கு அரிவாள் தீட்டிக் கொடுத்தால் அவர் தீர்ப்பை யார் மதிப்பார்கள்?

1987 மே மாதம் வடமராட்சியில் இலங்கை ராணுவம் தாக்குதல் தொடங்கியது. ஜூன் 4-ஆம் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு சிங்களக் கடற்படை வீரன் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடித்தான். வடக்கிலோ ஒப்பந்தப்படி வந்த இந்திய அமைதிப்படைக்கு மாலை போட்டு வரவேற்பு. மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. செப்டம்பர் 26-இல் விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5-இல் புலித் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்டோர் இலங்கைக் காவலில் நஞ்சருந்தி இறந்தார்கள். அக்டோபர் 10-ஐ ஒட்டிப் புலிகளுக்கும் அமைதிப்படைக்கும் போர் மூண்டுவிட்டது. அந்தத் தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்தபோது மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மேடையில் இதை விழுங்கிவிட்டுப் பேசாதே. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அந்த மண்ணில் செத்தார்கள் என்பதையும் விழுங்காதே. அவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் உண்டு. எதிரே இருந்தவன் பேசியதும் அவர்கள் பேசிய மொழிதான்.

தெற்கே இதே ஒப்பந்தத்தைக் காட்டிச் சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. இன்னொரு கிளர்ச்சியைத் தூண்டியது. அதிபராக வந்த பிரேமதாசா, இந்தியப் படையை விரட்டுவதற்காகப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். குலசேகரன் கதையை நான் ஏன் அவ்வளவு நீட்டினேன் என்று இப்போது தெரிகிறதா? 1990 மார்ச் 24-இல் கடைசிப் படை கப்பலேறியது. சென்னையில் வரவேற்கப் போக மறுத்தார் முதல்வர் கருணாநிதி. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொலை. அதைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு 'தலையிடவே கூடாது' என்று எழுதிக்கொள்ளாதே. 1971-ஐ என்ன செய்வாய்? 1970 தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொது இடங்களில் 160-ஐ அவாமி லீக் வென்றது. அந்தத் தீர்ப்பைப் பாகிஸ்தான் ராணுவம் துப்பாக்கியால் மறுத்தது. ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள். டிசம்பர் 3-இல் தொடங்கிய போர் 16-இல் முடிந்தது. 1972 மார்ச்சில் இந்தியப் படை ஊர் திரும்பிவிட்டது. இந்தியாவுக்குச் சுயலாபம் இருந்ததா என்றால், இருந்தது. பாகிஸ்தான் உடைந்ததில் யாருக்கு லாபம்? ஆனாலும் அந்த மக்கள் யாரைக் கேட்டார்கள் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை, போனவர்களும் தங்கிவிடவில்லை. 1987-இல் இந்த இரண்டுமே இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். சண்டை போட்ட ஒரு தரப்பும், செத்துக்கொண்டிருந்த மக்களும் அந்தக் காகிதத்தில் இல்லை. படை எப்போது திரும்பும் என்று முன்கூட்டி யாரும் நாள் குறிக்கவும் இல்லை.

தலையிடாமல் இருப்பதும் கையைக் கழுவிக்கொள்வதாகாது. 1994-இல் ருவாண்டாவில் நூறு நாளில் எட்டு லட்சம் பேரைக் கொன்றபோது, அங்கிருந்த ஐ.நா. படையைக் கூட்டுவதற்குப் பதில் குறைத்தார்கள். 2009-இல் முள்ளிவாய்க்காலில் முடிந்த இலங்கைப் போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த குழு சொன்னது. ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று அதன் உள் விசாரணையே 2012-இல் ஒப்புக்கொண்டது. அப்போது வெளிநாடுகள் தலையிடவில்லை என்பார்கள். ஆயுதம் விற்றதும் ராடார் கொடுத்ததும் பிறகு என்னவாம்?

எனவே என் கட்சி இது. உணவு, மருந்து, அகதிக்கு இடம், பேச்சுக்கு மேசை, ஆயுத வரத்தை அடைப்பது: இவற்றை எந்த நாடும் யாரையும் கேட்காமல் செய்யலாம், செய்தே ஆக வேண்டும். படை என்பது வேறு. கண்ணெதிரே கூட்டக்கொலை நடக்க வேண்டும், அந்த மக்களே கேட்க வேண்டும், போகிறவன் திரும்பும் நாளைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் நான் எதிரணி. 2011-இல் லிபியாவுக்கு விமானம் அனுப்பியவர்கள் கடாபியை முடித்தார்கள். அடுத்த நாள் அந்த நாட்டை யார் ஆள்வது என்று யோசிக்கவில்லை. இன்றும் அது இரண்டாகத்தான் கிடக்கிறது.

1987 ஒப்பந்தத்தில் மிஞ்சியது 13-ஆம் சட்டத்திருத்தமும் மாகாண சபைகளும். வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013-இல்தான் நடந்தது. 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்தது. இதை எழுதும்வரை அடுத்த தேர்தல் இல்லை.

உன் வகுப்பில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஒரு பிள்ளை வருகிறாள் என்று அம்மா சொன்னாள். சீட்டில் எந்தப் பக்கம் விழுந்தாலும், நீ எழுதியதை மேடைக்குக் கொண்டுபோகும் முன் அவளிடம் ஒருமுறை வாசித்துக் காட்டு. அவள் அடிக்கச் சொல்லும் வரியை, எவ்வளவு கைதட்டு வாங்கும் என்று தோன்றினாலும், அடித்துவிடு.

அன்புடன்,
பெரியப்பா